கை படாத தீயணைப்பான்

நேயர்களுக்கு வணக்கம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கிடங்குக்குத் தீயணைப்பான்களின் ஆண்டுப் பராமரிப்பு வேலையாகச் சென்றிருந்தேன். மாடிப்படி ஓரத்தில் சுவரில் ஒரு பவுடர் சிலிண்டர் தொங்கியது. தினமும் துடைப்பார்கள் போலிருக்கிறது, முகம் பார்க்கலாம் என்ற அளவுக்குப் பளபளத்தது. அழுத்தமானியின் முள் பச்சைப் பகுதியில் நின்றது. கழுத்தில் தொங்கிய அட்டையில் பன்னிரண்டு மாதத்துக்கும் பன்னிரண்டு கையெழுத்து. ஒரு மாதம்கூட விடுபடவில்லை. ஹோஸை அதன் பிடியிலிருந்து விடுவித்து நுனியைப் பார்த்தேன். உள்ளே மண். நகத்தால் சுரண்டினேன், காய்ந்த களிமண் பொடிப்பொடியாக உதிர்ந்தது. ஒரு கம்பியை விட்டுக் கிளறியதும் செத்துச் சுருங்கிய சிலந்திகள் இரண்டு மூன்று மண்ணோடு வந்து விழுந்தன. குளவிக் கூடு. தன் குஞ்சுக்கு இரையாகச் சிலந்திகளை அடைத்து, வாயை மண்ணால் பூசிவிட்டுப் போயிருந்தது அந்தக் குளவி. ஒரு விரல் நீளத்துக்கு ஹோஸ் அடைபட்டிருந்தது.

அட்டையை மறுபடியும் எடுத்துப் பார்த்தேன். பன்னிரண்டு கையெழுத்தும் ஒரே மை, ஒரே சாய்வு. ஒரே நாளில் உட்கார்ந்த இடத்திலேயே போட்டவை என்பதைப் புரிந்துகொள்ளக் கையெழுத்து நிபுணர் தேவையில்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று சொல்லிக்கொண்டே வளர்ந்தவர்கள் நாம். அந்த அட்டை ஒரு ஏட்டுச் சுரைக்காய்.

அன்றிலிருந்து எங்கே பேச அழைத்தாலும் நான் முதலில் சொல்வது ஒன்றுதான்: தீயணைப்பானைக் கண்ணால் மட்டும் சோதிக்காதீர்கள், கையால் சோதியுங்கள். மாதம் ஒருமுறை மாட்டியிலிருந்து இறக்கி, தூக்கி, திருப்பி, தடவிப் பாருங்கள். ஒரு சிலிண்டருக்கு ஒரு நிமிடம், அதிகம் போனால் இரண்டு நிமிடம். நாற்பது சிலிண்டர்கள் உள்ள இடத்தில் ஒருவருக்கு ஒன்றரை மணி நேரத்துக்குள் முடியும் வேலை.

எதைப் பார்ப்பது என்று சொல்வதற்கு முன், உள்ளே என்ன இருக்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். தெரிந்தால்தான் கை சரியான இடத்துக்குப் போகும்.

வேலையிடங்களில் பெரும்பாலும் காணப்படும் பவுடர் சிலிண்டரில் மிக நுண்ணிய உலர்ந்த தூள் இருக்கிறது. அதற்கு மேல் நைட்ரஜன் வாயுவை அழுத்தி அடைத்திருக்கிறார்கள். கைப்பிடியை அழுத்தினால் வால்வு திறக்கும். நைட்ரஜன் தூளை அடியிலிருந்து குழாய் வழியே மேலே தள்ளி வெளியேற்றும். 1818இல் இங்கிலாந்தில் கேப்டன் ஜார்ஜ் வில்லியம் மான்பி செய்த செப்புப் பாத்திரமும் அடிப்படையில் இதே யோசனைதான். அவர் பொட்டாசியம் கார்பனேட் கரைசலை ஊற்றி, மேலே காற்றை அழுத்தி அடைத்தார். இருநூறு ஆண்டுகளில் பாத்திரமும் மருந்தும் மாறிவிட்டன. அடைத்த வாயு கசியாமல் இருக்க வேண்டும், மருந்து வெளியே போகும் வழி திறந்திருக்க வேண்டும் என்ற இரண்டு தேவைகள் மட்டும் அப்படியே இருக்கின்றன. மாதச் சோதனை முழுவதும் இந்த இரண்டையும் பற்றியதுதான்.

இப்போது என்னோடு ஒரு சிலிண்டர் வரை நடந்து வருவதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

சிலிண்டர் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறதா? இதைக் கேட்டால் பலர் சிரிக்கிறார்கள். ஆனால் நான் சிலிண்டர்களைக் கதவு மூடாமல் இருக்க முட்டுக்கொடுத்த நிலையில் பார்த்திருக்கிறேன். அட்டைப் பெட்டி அடுக்குக்குப் பின்னால் பார்த்திருக்கிறேன். மேலே சட்டை மாட்டிய நிலையிலும் பார்த்திருக்கிறேன். சுவரில் ஒரு எண், சிலிண்டரில் அதே எண் என்று எழுதிவைத்தால் ஒன்று காணாமல் போனால் சுவரே காட்டிக்கொடுக்கும். வெளியேறும் வழிக்கு அருகில் மாட்டுவதுதான் நல்லது. எடுப்பவர் வாசலை நோக்கி வந்து எடுப்பார். தீயை எதிர்கொள்ளும்போது வாசல் அவர் முதுகுக்குப் பின்னால் இருக்கும். அமெரிக்கத் தேசியத் தீப் பாதுகாப்புச் சங்கத்தின் என்.எஃப்.பி.ஏ. 10 என்ற தரவிதி, 18 கிலோவுக்கு உட்பட்ட சிலிண்டரின் தலை தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் அளவுக்கு மேல் போகக்கூடாது என்றும், அடிப்பகுதி தரையில் படாமல் குறைந்தது 10 சென்டிமீட்டராவது மேலே இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. முதலாவது, குள்ளமானவரும் எளிதாக இறக்குவதற்காக. இரண்டாவது துருவுக்காக, அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

அடுத்து பின். கைப்பிடி தவறி அழுந்தாமல் தடுக்கும் அந்தக் கம்பி வளையத்தை உருவாமல் லேசாகச் சுழற்றிப் பாருங்கள். தடையில்லாமல் சுழல வேண்டும். அழகுக்காகச் சிலிண்டருக்கு மறுபடியும் பெயின்ட் அடிக்கிறார்கள். பெயின்ட் பின்னின் துளைக்குள் இறங்கிப் பசைபோல் பிடித்துக்கொள்கிறது, எந்தத் தீக்கு உரியது என்று எழுதிய விவரச் சீட்டையும் மூடிவிடுகிறது. பின்னைக் கட்டியிருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் சீல் ஒரே இழுப்பில் அறுந்து வருவதற்காகவே செய்யப்பட்டது. ஒரு தொழிற்கூடத்தில் பின்கள் தொலைந்துபோகின்றன என்று சீலுக்குப் பதிலாகக் கட்டுக்கம்பியை நான்கு சுற்று முறுக்கி வைத்திருந்தார்கள். நல்ல எண்ணத்தில் செய்த வேலைதான். அதைப் பிரிக்க எனக்கு ஒரு கொறடு தேவைப்பட்டது. புகையில் கண் எரியும்போது கொறடுக்கு எங்கே போவது?

சீல் அறுந்திருந்தால் யாரோ ஒருவர் தொட்டிருக்கிறார் என்று பொருள். அந்தச் சிலிண்டரை அப்படியே விடக்கூடாது. ஏன் என்று சொல்கிறேன். ஒரு காவலாளி, வேலை செய்கிறதா பார்க்கலாம் என்று கைப்பிடியை ஒரே ஒரு விநாடி அழுத்தியிருக்கிறார். புஸ் என்று கொஞ்சம் தூள் வந்தது. நன்றாகத்தான் இருக்கிறது என்று திருப்தியோடு பின்னைச் சொருகி மாட்டிவிட்டார். முள்ளும் பச்சையில்தான் நின்றது. சில வாரங்களில் அது பூஜ்யத்துக்கு வந்துவிட்டது. காரணம், வெளியேறிய தூளில் சில துகள்கள் வால்வு உட்காரும் இடத்தில் சிக்கிக்கொண்டன. வால்வு முழுதாக மூடவில்லை. கண்ணுக்குத் தெரியாத அந்த இடுக்கு வழியே நைட்ரஜன் மெல்ல மெல்லக் கசிந்து போய்விட்டது. அந்த மனிதர் அக்கறையால் செய்தார். அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை என்பதுதான் எனக்கு வருத்தம். பவுடர் சிலிண்டரை ஒரு விநாடி பயன்படுத்தினாலும் முழுதும் பயன்படுத்தியதாகவே கணக்கு. மறுபடியும் நிரப்பித்தான் மாட்ட வேண்டும்.

முள்ளுக்கு வருகிறேன். பச்சையில் இருக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. முள் நைட்ரஜனின் அழுத்தத்தை மட்டுமே காட்டுகிறது, தூள் இருக்கிறதா என்பதைக் காட்டாது என்பதைப் பலர் யோசிப்பதில்லை. பாதித் தூள் போன சிலிண்டரில் வாயுவை மட்டும் ஏற்றினாலும் முள் பச்சைக்கு வந்துவிடும். அதனால்தான் தூக்கிப் பார்க்கச் சொல்கிறேன். நிரம்பிய சிலிண்டரின் எடை விவரச் சீட்டிலேயே இருக்கும். மாதந்தோறும் தூக்கும் கைக்கு எடை பழகிவிடும். ஒன்று இலேசாக இருந்தால் உடனே தெரியும். சந்தேகம் வந்தால் தராசில் வையுங்கள். இன்னொன்று, கொதிக்கும் வெயில் படும் இடத்தில் முள் ஏறும், குளிரில் இறங்கும். நிழலில் வைத்து வழக்கமான வெப்பநிலைக்கு வந்தபின் பார்த்தால்தான் சரியான நிலை தெரியும்.

தூக்கிய கையோடு ஒருமுறை தலைகீழாகச் சாய்த்துப் பாருங்கள். தூள் உள்ளே சரிந்து நகர்வது கையில் தெரியும். ஓயாமல் அதிரும் இயந்திரங்களுக்குப் பக்கத்திலும் வாகனங்களிலும் உள்ள சிலிண்டர்களில் தூள் அடியில் இறுகிப் படிய வாய்ப்பு அதிகம். நகர்வது தெரியவில்லை என்றால் நிபுணரிடம் அனுப்புங்கள். சிலர் சுத்தியலால் தட்டி இளக்கலாம் என்கிறார்கள். அழுத்தம் அடைத்த பாத்திரத்தைச் சுத்தியலால் அடிக்கவே அடிக்காதீர்கள். ஈரம் புகுந்து கட்டியான தூள் தட்டினாலும் சரியாகாது.

ஹோஸை வளைத்துப் பாருங்கள், வெடிப்பு இருக்கிறதா என்று. நுனியைப் பாருங்கள். குளவிக் கதையைச் சொல்லிவிட்டேன்.

கார்பன் டை ஆக்சைடு சிலிண்டருக்கு வேறு பார்வை வேண்டும். கொம்புபோல் அகன்ற வாய் கொண்டது, மின்கருவிகள் உள்ள அறைகளில் அதிகம் இருப்பது. இதில் அழுத்தமானி இருக்காது. கடைக்காரர் மானி இல்லாத மட்டமான சரக்கைக் கொடுத்துவிட்டார் என்று என்னிடம் புகார் சொன்னவர்கள் உண்டு. அது குறை அல்ல. உள்ளே கார்பன் டை ஆக்சைடு பெரும்பகுதி திரவமாக இருக்கிறது. திரவம் இருக்கும்வரை அதன் மேலுள்ள அழுத்தம் வெப்பநிலையைப் பொறுத்தே அமையும். 20 டிகிரி செல்சியஸில் ஏறக்குறைய 57 பார். முழுதாக இருந்தாலும் பாதி இருந்தாலும் அதே 57தான். சமையல் எரிவாயு சிலிண்டர் தீரும் நேரம்வரை அடுப்பு ஒரே மாதிரி எரிவதை நினைத்துப் பாருங்கள், அதே கதைதான். எனவே மானி வைத்தாலும் அது பொய் சொல்லும். இங்கே தராசு ஒன்றே சாட்சி.

காலி எடையைச் சிலிண்டரின் மேலோ வால்விலோ பொறித்திருப்பார்கள். உதாரணத்துக்குக் காலி எடை 9 கிலோ, வாயு 5 கிலோ என்றால் மொத்தம் 14 கிலோ இருக்க வேண்டும். வாயுவில் பத்தில் ஒரு பங்கு குறைந்துவிட்டால், அதாவது தராசு பதின்மூன்றரையைக் காட்டினால், மறுபடியும் நிரப்ப அனுப்ப வேண்டும். பொறித்த எடையில் ஹோஸும் கொம்பும் சேர்ந்திருக்கிறதா, இல்லையா என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தக் கணக்கில்தான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். இந்தச் சிலிண்டரை எடுத்தால் கொம்பைக் கையால் பிடிக்காதீர்கள். வெளியேறும் வாயு மைனஸ் 78 டிகிரி வரை குளிர்ந்து வருகிறது. தோல் வெந்தது போலாகிவிடும். சிறிய மூடிய அறையில் மூச்சும் திணறும்.

நீர், நுரை, சமையல் எண்ணெய்த் தீக்கான ஈர வேதிப்பொருள் ஆகிய வகைகளுக்கும் இதே கைப்பார்வைதான். நீர் உள்ளவை உறையும் குளிரில் உறைந்துவிடும் என்பதை மட்டும் கூடுதலாக நினைவில் வையுங்கள். எந்தத் தீக்கு உரியது என்று காட்டும் ஏ, பி, சி என்ற எழுத்துகளை மட்டும் நம்பிவிட வேண்டாம். அமெரிக்க முறையில் சி என்றால் மின்கருவித் தீ, ஐரோப்பிய முறையில் சி என்றால் வாயுத் தீ. பக்கத்தில் உள்ள படத்தையும் சொற்களையும் படியுங்கள்.

துருவைப் பற்றிச் சொல்கிறேன் என்றேன். சில சிலிண்டர்களில் அழுத்தம் எப்போதும் உள்ளே இருக்காது. வாயு ஒரு சின்னக் குப்பியில் தனியாக இருக்கும். குமிழை அடித்ததும் குப்பி துளைபட்டு, அந்த நொடியில்தான் பாத்திரம் முழுவதும் அழுத்தம் ஏறும். யோசித்துப் பாருங்கள். ஈரத் தரையில் பல ஆண்டுகள் நின்று அடிப்பகுதி அரித்துப்போன சிலிண்டர் அதுவரை எந்த அறிகுறியும் காட்டாது. கசிவதற்கு அழுத்தமே இல்லையே. முதன்முதலாக அழுத்தம் ஏறும் தருணத்தில் அது ஒரு மனிதனின் கைகளுக்குள், முகத்துக்கு நேராக இருக்கிறது. அப்படி அடிப்பகுதி பிய்த்துக்கொண்டு, உடல் ராக்கெட்டைப்போல் மேலே பாய்ந்து உயிர் பறித்த விபத்துகள் நடந்திருக்கின்றன. பற்றாசு வைத்தோ ஆணி அடித்தோ இணைத்த, தலைகீழாகக் கவிழ்த்து இயக்கும் பழைய வகைகளை 1982 ஜனவரி 1க்குள் வேலையிடங்களிலிருந்து அடியோடு அகற்ற வேண்டும் என்று அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு விதி கட்டளையிட்டது. ஆகவே சிலிண்டரைத் தூக்கும்போது அடியைத் திருப்பிப் பாருங்கள். பெயின்ட் கொப்பளித்திருந்தால் அதற்குக் கீழே துரு இருக்கிறது. செதில் செதிலாக உதிர்ந்தாலோ, குழி விழுந்திருந்தாலோ, உடல் நசுங்கியிருந்தாலோ அதை இயக்கிப் பார்க்காமல் ஓரமாக எடுத்து வைத்து, "பயன்படுத்தாதீர்" என்று எழுதி, நிபுணரை அழையுங்கள்.

இதுவரை சொன்னது எந்தப் பணியாளரும் செய்யக்கூடியது. வால்வைக் கழற்றுவது வேறு. அதை நீங்கள் தொடவே கூடாது. ஆண்டுக்கு ஒருமுறை பயிற்சி பெற்றவர் வந்து முழுதாகப் பார்க்க வேண்டும். அதற்கு மேல் நீண்ட தவணைகள் இருக்கின்றன. என்.எஃப்.பி.ஏ. 10 முறைப்படி, அழுத்தம் அடைத்த பவுடர் சிலிண்டரை 6 ஆண்டுக்கு ஒருமுறை காலி செய்து உள்ளே பார்க்க வேண்டும்; 12 ஆண்டுக்கு ஒருமுறை நீரழுத்தச் சோதனை. கார்பன் டை ஆக்சைடு, நீர் வகைகளுக்கு அந்தச் சோதனை 5 ஆண்டுக்கு ஒருமுறை. பிரிட்டிஷ் முறையில் தவணைகள் வேறு. உங்கள் நாட்டு விதி என்ன சொல்கிறதோ, தயாரிப்பாளர் என்ன எழுதியிருக்கிறாரோ, அதன்படி செய்யுங்கள். நீரழுத்தச் சோதனை என்பது சிலிண்டருக்குள் நீரை நிரப்பி, வழக்கத்தைவிட அதிக அழுத்தம் கொடுத்து உடல் தாங்குகிறதா என்று பார்ப்பது. நீர் பெரிதாகச் சுருங்காது, உடைந்தாலும் வாயுவைப்போல் வெடித்துச் சிதறாது. காற்றை ஏற்றிச் சோதிக்கிறேன் என்று யாராவது சொன்னால் அவரை வேலைக்கு அழைக்காதீர்கள்.

சேவைக்கு எடுத்துச் செல்லும்போது அந்த இடத்தில் மாற்று சிலிண்டர் வைக்கிறார்களா என்று கேளுங்கள். வெறும் மாட்டி தொங்கும் சுவரைப் பார்த்தால் எனக்கு அடிவயிறு கலங்கும். வால்வைக் கழற்றி உள்ளே பார்த்த சிலிண்டரின் கழுத்தில், வால்வுக்குக் கீழே, மாதமும் ஆண்டும் குறித்த ஒரு வளையம் மாட்டும் வழக்கம் இருக்கிறது. வால்வைக் கழற்றாமல் அந்த வளையத்தை மாட்ட முடியாது. அதனால் அது ஒரு கையெழுத்தைவிட நம்பகமானது. அந்த முறை உள்ள நாடுகளில் வளையத்தைக் கேட்டு வாங்குங்கள்.

யார் செய்வது? "எல்லோரும் பார்த்துக்கொள்வோம்" என்றால் ஒருவரும் பார்க்க மாட்டார்கள். ஒவ்வொரு தளத்துக்கும் ஒருவர், அவர் விடுப்பில் போனால் இன்னொருவர் என்று பெயர் குறித்துக் கொடுங்கள். ஏட்டில் வெறும் சரிக்குறி வேண்டாம், கண்டதை எழுதச் சொல்லுங்கள்: "எண் 7, சீல் இல்லை, மாற்று வைத்தாயிற்று." ஓராண்டு முழுவதும் ஒரு குறைகூட எழுதப்படாத ஏட்டைக் கண்டால் நான் சந்தேகப்படுவேன். குறை எழுதியவரைக் கடிந்துகொள்ளும் மேலாளர் இருந்தால், அடுத்த மாதத்திலிருந்து எல்லாம் சரி என்றே ஏட்டில் வரும். பணியாளர்களை விட மேலாளர்களிடம் நான் இதை அதிகமாக வற்புறுத்துகிறேன்.

கடைசியாக, நான் மிகவும் விரும்பும் ஒரு வேலை. உள்சோதனைக்குப் போகும் சிலிண்டரை எப்படியும் காலி செய்யத்தான் போகிறார்கள். அதைப் பயிற்றுநர் முன்னிலையில் திறந்தவெளியில் பணியாளர்களின் கையில் கொடுங்கள்.

ஓர் அலுவலகத்தில் அப்படிச் செய்தோம். இரும்புத் தட்டில் சிறு தீ. காற்று எங்கள் முதுகுப் பக்கம். கணக்குப் பிரிவில் வேலை பார்க்கும் ஒரு பெண் முதலில் வந்தார். பின்னை இழுத்தார், வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தார், அசையவில்லை. பதற்றத்தில் இடது கையால் கைப்பிடியை இறுக்கி அழுத்திக்கொண்டே வலது கையால் பின்னை இழுத்திருக்கிறார். அழுத்த அழுத்தப் பின் சிக்கிக்கொள்ளும். "கைப்பிடியை விட்டுவிடுங்கள் அம்மா. தரையில் வைத்துக் கழுத்தைப் பிடித்துக்கொண்டு இழுங்கள்" என்றேன். சட்டென்று கையோடு வந்துவிட்டது. தீயின் அடிப்பகுதியைக் குறிவைத்து இடமும் வலமும் வீசினார். தீ அணைந்தது, ஆனால் அவர் அழுத்துவதை நிறுத்தவில்லை. பதினைந்து விநாடி இருக்கும். சத்தம் அடங்கியது. வெள்ளைத் தூள் படிந்த முகத்தோடு முள்ளைக் குனிந்து பார்த்தார்.

"இவ்வளவுதானா ஐயா? தீர்ந்துவிட்டதா?"

"இவ்வளவுதான் அம்மா. பெரும்பாலான கைச்சிலிண்டர்கள் பத்திலிருந்து இருபத்தைந்து விநாடிக்குள் தீர்ந்துவிடும். குப்பைக்கூடை அளவுத் தீக்கு இது போதும். அதைவிடப் பெரிதாகிவிட்டால் ஓடிவிடுங்கள், கதவைச் சாத்திவிட்டு ஆளை அழையுங்கள்."

கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். பிறகு தன் இருக்கைக்குப் பக்கத்தில் இருப்பது எத்தனையாவது எண் என்று ஏட்டைப் பார்த்துக்கொண்டிருந்தவரிடம் கேட்டார். பதினொன்று என்றார்கள். முகத்தைக்கூடக் கழுவாமல் மாடியேறிப் போனார். நான் பின்னால் போனபோது பதினொன்றாம் எண் சிலிண்டரை மாட்டியிலிருந்து இறக்கி மடியில் சாய்த்து வைத்துக்கொண்டு, ஹோஸின் நுனியைக் கண்ணருகே பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வணக்கம்.